உயிரோடிருக்கும் உபகாரிக்கு

ஜூலை 8

மறைந்த அம்மையாரின் குடும்பத்தாருக்கு,

வணக்கம். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. உபகாரிகளுக்குக் கடிதம் எழுதும் வேலையும் என் தலையில்தான். உங்கள் வீட்டு அம்மையார் எங்கள் பள்ளிக்கு விட்டுச்சென்ற கொடை வக்கீல் மூலமாக வந்து சேர்ந்தது. தலைமை சிஸ்டர் சார்பில் நன்றியையும் அனுதாபத்தையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு, தெரிந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். வருகிற கொடை ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஓர் ஆசிரியையின் சம்பளம், மறுபாதி ஒரு பிள்ளையின் படிப்பு. உயிரோடிருக்கும் உபகாரிகளுக்காகப் பிள்ளைகள் மனதுக்குள் வேண்டிக்கொள்வார்கள். மரித்த உபகாரிகளின் பெயர்களை மட்டும் மாதத்தின் முதல் வெள்ளியன்று கோவிலில் சிஸ்டர் சத்தமாக வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டதும் அவரால் படிக்கிற பிள்ளை எழுந்து நின்று 'உள்ளேன்' என்று சொல்லும். ஆள் போனாலும் அவர் செய்த நன்மை இங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் அம்மையாருக்காக எழுந்து நின்றது என் மகள். பள்ளிப் பெயர் நீளமானது, வீட்டில் குருவி. அந்தக் கொடையில் ஆசிரியையின் பாதி எனக்கும், பிள்ளையின் பாதி அவளுக்கும் வந்திருக்கிறது. இவள் அப்பா போன இடத்திலிருந்து பணமும் வருவதில்லை, தகவலும் வருவதில்லை. அதனால் இது எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. இதை எழுதலாமா கூடாதா என்றும் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு ஆசிரியை


ஜூலை 13

டீச்சரம்மாவுக்கு,

குடும்பத்தார் என்று இங்கே யாரும் இல்லை. அதனால் செத்துப்போனவளே பதில் எழுதுகிறேன்.

பயப்படாதே. மூச்சு வருகிறது. பசிக்கிறது. தண்ணீர் மோட்டாருக்காகக் கீழ்வீட்டுக்காரனோடு சண்டை போடுகிறேன். செத்தவளுக்கு இவ்வளவு வேலை இருக்காது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரெல்லாம் யார் யாரையோ யார் யாரோடோ சேர்த்துவைத்தேன், என்னைத்தான் ஒருவரோடும் சேர்க்க முடியவில்லை. இப்போது வீட்டில் போனே வைத்துக்கொள்ளவில்லை. பேசிப் பேசி அலுத்துவிட்டது. எழுது, பதில் போடுகிறேன்.

பட்டியலில் என் பெயரைத் திருத்த வேண்டாம். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். இருக்கட்டும். நிஜமாகவே போகிற அன்றைக்கு உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

ஒன்று மட்டும் சொல். உன் மகள் எப்படிச் சொன்னாள்? சத்தமாகவா, முணுமுணுத்தா?


ஜூலை 18

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஓய்வறையில் பிரித்தேன். முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் கணக்கு டீச்சர் "என்ன, வீட்டுக்காரர் திரும்பி வர்றாரா?" என்று கேட்டார். அதைவிட மோசம் என்றேன்.

மன்னியுங்கள். கொடையோடு கையெழுத்துக் கடிதம் இருந்தால் ஆள் உயிரோடு, வக்கீல் கடிதம் இருந்தால் ஆள் இல்லை. எங்கள் அலுவலகத்தில் என்றைக்குமே இப்படித்தான் பிரிப்போம். இதுவரை தவறியதில்லை. தயவுசெய்து சிஸ்டருக்கு எழுதிவிடாதீர்கள். என் வேலை நிரந்தரம் இல்லை, வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள்.

குருவி சத்தமாகத்தான் சொன்னாள். வீட்டில் வாயே ஓயாதவள், வெளியில் ஊமை. அன்றைக்கு என்னவோ பெரிய மனுஷி மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். கோவிலின் கடைசி வரிசை வரை கேட்டது.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்று. நீங்கள் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லையா? இவள் சர்க்கரை டப்பாவை யாருக்கும் தெரியாமல் நக்குகிற ஜாதி. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பாலில் சர்க்கரை போட்டால் தம்ளரைத் தள்ளிவிடுகிறாள். "எனக்கு ஒத்துக்காதும்மா" என்கிறாள். படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். டாக்டரிடம் காட்டினேன். ஒன்றும் இல்லை, யாரையோ பார்த்து நடிக்கிறாள் என்றார். யாரைப் பார்த்து? எங்கள் வீட்டில் முட்டி வலிக்காரர் யாரும் இல்லை.

பிள்ளையைத் தனியாக வளர்ப்பவளுக்குத் தும்மலும் இடி மாதிரிக் கேட்கும். அப்படித்தான் என்று எழுதிவிடுங்கள், நிம்மதியாக இருப்பேன்.


ஜூலை 25

டீச்சரம்மாவுக்கு,

அப்படித்தான் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மாதா மாதம் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவேன். இந்த முறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். நான் பையை எடுப்பதற்குள் யாரோ 'உள்ளேன்' என்றார்கள். சின்னக் குரல். நர்ஸ் தலையைக்கூட நிமிர்த்தாமல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். நான் போய் "நான்தாம்மா அது" என்றேன். "அவங்க வந்துட்டாங்களே" என்றாள். என்னைத் தாண்டிப் பின்னாலிருந்தவரைப் பார்த்துச் சொன்னாள்.

முதலில் சிரிப்பாக இருந்தது. சரி, ஊசி இல்லாமல் தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்தேன். மாடிப்படி ஏறி முடித்த பிறகுதான் உறைத்தது, நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. முட்டியில் வலி இல்லை. சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ குடித்தேன். ஒன்றும் செய்யவில்லை. குழந்தை மாதிரி இன்னொரு தம்ளரும் குடித்தேன்.

அடுத்த நாள் உன் கடிதம் வந்தது.

அவள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எனக்கு அதில்தான் கேட்கும்.


ஆகஸ்ட் 3

அம்மா,

ஒத்தடம் கொடுத்தேன், கேட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று முதல் வெள்ளி. அதற்கு முன்பே தலைமை சிஸ்டரிடம் போனேன். உங்கள் பெயரைச் சொல்லாமல், ஒருவேளை உயிரோடிருப்பவர் பெயர் தவறிப்போய் மரித்தவர் பட்டியலில் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உயிரோட இருக்கறவங்க கொடையை நாம மரித்தவங்க கொடையா எடுத்துக்க முடியாதும்மா. திருப்பித்தான் அனுப்பணும். அதுல யாருக்குச் சம்பளம், யாருக்குப் படிப்புன்னு உனக்கே தெரியும்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "ஏன், அப்படி ஏதாவது நடந்திருக்கா?" என்றார். இல்லை சிஸ்டர் என்று சொன்னேன். சொன்னது என் வாய்தான்.

குருவி மறுபடியும் எழுந்து நின்றாள். மறுபடியும் அதே குரல்.

இன்று சனிக்கிழமை, எங்களுக்கு அரைநாள் பள்ளி. காலையில் வகுப்பில் வருகை எடுத்தேன். என் மகள் பெயரை வாசித்தேன். பதில் இல்லை. இன்னொரு முறை வாசித்தேன். என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், அந்தப் பெயர் வேறு யாருடையதோ என்கிற மாதிரி. பக்கத்தில் இருந்த பெண் இடித்த பிறகு "என்னையா?" என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது.

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரோரமாக உட்கார்ந்து, காதில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் காற்றில் எதையோ பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள். "நம்பர் ப்ளீஸ்" என்றாள். "லைன்ல இருங்க." நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. உங்கள் கடிதங்களை என் அலமாரியில் பூட்டிவைத்திருக்கிறேன். "யாருடி லைன்ல?" என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னாள்: "யாரும் இல்லை. யாருமே கூப்பிட மாட்டேங்கறாங்க."

அம்மா, நீங்கள் எங்களுக்குச் சோறு போடுகிறவர். ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் யார்? என் பிள்ளையிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?


ஆகஸ்ட் 9

டீச்சரம்மாவுக்கு,

கேட்டது சரி. பதிலும் நேராகவே சொல்கிறேன்.

நான் உங்கள் பள்ளியில்தான் படித்தேன், உன் மகளைப் போல இன்னொருவர் காசில். என் உபகாரி ஒரு மரக்கடைக்காரர், செத்துப்போனவர். மாதா மாதம் அவர் பெயருக்கு எழுந்து நின்றேன். அந்த வருஷங்களில் என் தலையணையில் மரத்தூள் வாசனை அடிக்கும். பலகையைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்வேன். வேறொன்றும் இல்லை. பள்ளியை விட்டதும் அதுவும் போய்விட்டது.

ஆகவே, கையெழுத்துக் கடிதம் வைத்தால் என்ன, வக்கீல் கடிதம் வைத்தால் என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வக்கீலை அனுப்பச் சொன்னேன். என் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒரு குழந்தை எழுந்து நின்று இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். செத்த பிறகு அதைக் கேட்க நான் இருக்க மாட்டேனே. இருக்கும்போதே வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வயசானவளின் அற்பத்தனம். மரத்தூள் வாசனைக்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

யோசித்துப் பார்த்தால், செத்தவர்களுக்கு நம்மிடம் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது. நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கு எல்லாமே தேவைப்படுகிறது.

இங்கேயும் நிலைமை சரியில்லை. பால்காரன் என் மாடிக்கு ஏறுவதில்லை. கீழ்வீட்டுக்காரன் மாடிப்படிக் கதவை வெளியே பூட்டிவிட்டான். தட்டித் தட்டித் திறக்கவைத்தேன். "மேல யாரும் இல்லைன்னு நெனச்சேன்" என்றான். முந்தின நாள்தான் அவனோடு சண்டை போட்டிருந்தேன்.

உயிரோடிருக்கிறேன் என்று சிஸ்டருக்கு எழுதட்டுமா? எழுதினால் உன் வேலை போகும், அவள் படிப்பு போகும். எழுதாவிட்டால் என்ன போகும் என்று உனக்கே தெரிகிறது. இந்தக் கேள்வியை உன் கையில் கொடுத்ததுதான் நான் உனக்குச் செய்த உபகாரம். நீ சொல்வதைச் செய்கிறேன்.


செப்டம்பர் 7

அம்மா,

எழுத வேண்டாம். நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

குருவிக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நேற்றுக் கோவிலுக்குப் போனேன். சிஸ்டர் உங்கள் பெயரை வாசித்தார். யாரும் எழவில்லை. எல்லாப் பிள்ளைகளும் திரும்பி குருவி உட்காரும் இடத்தைப் பார்த்தார்கள். சிஸ்டர் பட்டியலிலிருந்து விரலை எடுக்காமல் மறுபடி வாசித்தார். நான் எழுந்து நின்றேன். உங்கள் கொடையில் ஒரு பாதி என்னுடையதுதானே. 'உள்ளேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சிஸ்டர் அடுத்த பெயருக்குப் போனார்.

வீட்டுக்கு வந்தால் குருவி அக்கா வீட்டுச் சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணியிருக்கிறாள். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்: "காய்ச்சல்னு சொன்னே, இது காய்ச்சல்கார வாயா?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. படியில் கடைசி இரண்டைத் தாண்டிக் குதித்து இறங்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், "என்னாஆஆ" என்று எரிச்சலாக இழுத்தாள். அந்த எரிச்சலைக் கேட்டுக் காதெல்லாம் இனித்தது.

முட்டி இப்போது எனக்கு வலிக்கிறது. டீயும் கசப்பாகத்தான் பிடிக்கிறது. போகட்டும். நிரந்தரம் இல்லாத வேலைக்கு இந்த அளவு விலை நான் கொடுத்துதான் ஆகவேண்டும். ஒவ்வொரு மாதமும் நானே எழுந்து நிற்கிறேன். நீங்கள் கவலைப்படாமல் சர்க்கரை போட்டு டீ குடியுங்கள்.


செப்டம்பர் 12

பெண்ணே,

நீ கெட்டிக்காரி. உன் கடிதத்தைப் படித்து எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

அன்று அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து ஒரு குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டது. எனக்கு உள்ளறையே கிடையாது, என் வீடு ஒற்றை அறை. ஆனாலும் உள்ளறையிலிருந்துதான் குரல் வந்தது. "அம்மா, தண்ணி" என்றது.

இந்த வயது வரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. யோசிக்காமல் "இதோ வரேன்டா" என்று சொல்லிவிட்டேன். தம்ளரில் தண்ணீர் பிடித்தேன். எந்தப் பக்கம் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. நடந்து போனேன், அவ்வளவுதான். குனிந்தேன். தலையில் சாக்பீஸ் வாசனையும் வெயில் வாசனையும் அடித்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மச்சம். குடித்துவிட்டு வாயை என் புடவையில் துடைத்துக்கொண்டது.

பிறகு அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். தம்ளர் காலி. புடவை ஈரம்.

உன் மகளுக்கு அங்கே மச்சம் இருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை. அன்று சாயங்காலம் நீ எங்கே இருந்தாய் என்று மட்டும் சொல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதுவரை அப்படி எதுவும் பிடித்ததில்லை. மறுபடி எப்போது கூப்பிடுவாள் என்று அடுப்பங்கரையைவிட்டு நகராமல் இருக்கிறேன். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் எழுத மாட்டேன்.


செப்டம்பர் 17

அம்மா,

நான் மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டது கேட்டது. இதோ என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டி பிடித்துக்கொண்டதோ என்னவோ, நாற்காலியைவிட்டு நகர முடியவில்லை. யாரோ என் பெயரை வேறெங்கோ கூப்பிட்டுவிட்ட மாதிரியும், நான் அங்கே போயிருக்கிற மாதிரியும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள். உதடெல்லாம் ஈரம். "தண்ணி யாரு குடுத்தா?" என்றேன்.

"நீதான்."

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?"

"இப்ப இங்க இருக்கே. அப்ப அங்க வந்தே." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த அம்மா திட்டவே மாட்டேங்குது."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. தலை பின்னிவிடச் சொல்வதில்லை. காலையில் பார்த்தால் பின்னியிருக்கிறது, எனக்கு வராத நாலுகால் பின்னல். ஏதாவது வேண்டுமென்றால் சமையலறை வாசலைப் பார்த்து "அம்மா" என்கிறாள். அங்கே யாரும் இல்லை. அவள் முகம் மட்டும், யாரோ இருக்கிற மாதிரி மலர்கிறது. நான் பின்னாலேயே நிற்கிறேன்.

அவளைக் காப்பாற்றத்தான் எழுந்து நின்றேன். உங்கள் இடத்தை நான் எடுத்துக்கொண்டால் என் இடம் காலியாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மச்சம் இருக்கிறது. வேலை போனால் போகட்டும், வாருங்கள். உங்கள் பெயருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவள் கூப்பிட்டால்—

நான் உங்களை என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். போகாதீர்கள்.


செப்டம்பர் 22

பெண்ணே,

முதல் வெள்ளிக்கு வருகிறேன். நீ வாயைத் திறக்காதே, அவளையும் எழவிடாதே.

நேற்று இரண்டு முறை கூப்பிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. மூன்றாவது முறை அழுதாள். அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். உன்னைக் கூப்பிட்டுத்தான் அழுதாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.


அக்டோபர் 6

அம்மா,

நீங்கள் முன்னால் நடந்துகொண்டே இருந்தீர்கள், பின்னால் நடந்தது எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கோவிலில் நீங்கள் எந்த வரிசையில் இருக்கிறீர்கள் என்று நான் தேடவில்லை. உங்கள் பெயரை வாசித்ததும் என் தொண்டை வரை அந்தச் சொல் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன், ரத்தம் வந்தது. குருவி எழப் பார்த்தாள். தோளைப் பிடித்து அழுத்தினேன். பின்னாலிருந்து கரகரவென்று 'உள்ளேன்' என்று கேட்டபோது முன்வரிசையில் சின்னப் பெண் ஒருத்தி வீறிட்டு அழுதாள். தலைமை சிஸ்டரின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது, சிலுவை வரைந்து முடிக்கவில்லை. நீங்கள் கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் போய், "உயிரோட வந்து கையில குடுத்தா வாங்க மாட்டீங்களா? செத்தாத்தான் வாங்குவீங்களா?" என்று கேட்டதை ஓய்வறையில் எல்லாரும் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு டீச்சர் உங்கள் பரம ரசிகை ஆகிவிட்டார்.

பழைய கொடையைத் திருப்பி அனுப்புகிறார்கள். புதிதாக ஏற்க மேலிடத்து மதர் சம்மதிக்க வேண்டுமாம். அதுவரை எனக்குச் சம்பளம் இல்லை, வகுப்பு மட்டும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா அரிசி கொடுத்திருக்கிறார். சமாளிப்பேன்.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் யாரிடமும் நிற்காமல் முற்றத்தில் இறங்கிப் போனீர்கள். குருவி என் கையை உதறிவிட்டு வாசல் வரை ஓடினாள். உங்கள் முதுகைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டாள்.

நீங்கள் நின்றீர்கள். கம்பிக் கதவைப் பிடித்த உங்கள் கை வெளுத்துப்போனது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால், திரும்பிப் பார்த்திருந்தால்கூட, அவள் போயிருப்பாள். என்னால் தடுத்திருக்க முடியாது. நீங்கள் திரும்பவில்லை.

அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். "என்னடி?" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். திரும்பி என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள், எங்கேயோ பார்த்த முகம் என்கிற மாதிரி. பிறகு, "பசிக்குது" என்றாள்.

நீங்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினீர்கள்.

இன்று காலை தலை பின்னும்போது இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, "அம்மா!" என்று கத்தினாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. சீப்பை நிறுத்திவிட்டு, வேறு யாராவது சொல்கிறார்களா என்று காத்திருந்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. அப்புறம்தான் "என்ன?" என்றேன்.

அவள் கத்தியது உங்களுக்குக் கேட்கவே இல்லை என்றால், கடவுளுக்கு நன்றி. கேட்டும் நீங்கள் பேசாமல் இருந்தீர்கள் என்றால், உங்களுக்கு நன்றி.

இரண்டில் எது என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

குருவியின் அம்மா